தென் சூடானின் பீபோருக்கு 180 டன்: வரைபடத்தில் ‘திறந்திருக்கும்’ சாலையை எத்தனை நாள் நம்பலாம்?

தூத்துக்குடிக்காரன், மார்ச் 6

அனைவருக்கும் வணக்கம். தென் சூடானின் தலைநகரான ஜூபாவில் சிறியதொரு நிவாரண அமைப்பின் சரக்குப் பிரிவில் மூன்று மாதங்களுக்கு முன் சேர்ந்தேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் இருந்தவன் என்பதால் கப்பல், கன்டெய்னர், சுங்கத் தாள்கள், லாரி வாடகை எதுவும் எனக்குப் புதிதல்ல. சாலை மட்டும்தான் புதிதாக இருக்கிறது.

இப்போது என் கையில் உள்ள வேலை இது. நாட்டின் கிழக்கே உள்ள பீபோர் பகுதிக்கு 180 டன் பொருள்களை அனுப்ப வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் நிலக்கடலைப் பசை, சோப்பு, தார்ப்பாய், வாளிகள், குளோரின் மாத்திரைகள் ஆகியவை அதில் அடக்கம். சரக்கு மொம்பாசாவில் இறங்கி, கென்யாவையும் உகாண்டாவையும் கடந்து, நிமூலே எல்லை வழியாக ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஜூபாவுக்கு வந்து சேரும் என்று கப்பல் முகவர் எழுதியிருக்கிறார். ஜூபாவிலிருந்து நைல் கரையிலுள்ள போர் நகரத்துக்கும் (ஊரின் பெயரே அதுதான், வீட்டில் தொலைபேசியில் சொன்னபோது அம்மா பதறிவிட்டார்), அங்கிருந்து குமுருக் வழியாகப் பீபோருக்கும் லாரியில் கொண்டுபோவது என்பது திட்டம்.

உலக உணவுத் திட்டம் தலைமையேற்று நடத்தும், நிவாரண அமைப்புகளின் சரக்குப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் லாஜிஸ்டிக்ஸ் கிளஸ்டர் வெளியிடும் சாலை நிலவர வரைபடத்தில், அந்த வழி முழுவதும் திறந்திருப்பதாகவே போட்டிருக்கிறது. ஆனால் நான் அணுகிய மூன்று லாரி உரிமையாளர்களில் ஒருவர் ஏப்ரலுக்குப் பிறகு என்றால் பேச்சே வேண்டாம் என்றார். இன்னொருவர் விலை சொல்லவே இல்லை. மூன்றாமவர் மார்ச் வாடகையைப் போல இரண்டு மடங்கு கேட்பதோடு, வண்டி வழியில் மாட்டிக்கொண்டால் நாள் கணக்கில் காத்திருப்புக் கட்டணமும் கொடுக்க வேண்டும் என்கிறார். வரைபடம் திறந்திருக்கிறது என்று சொல்லும்போது இரட்டை வாடகை எதற்கு என்று எங்கள் தலைமையகத்தில் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கிராவல் போட்ட கிராமத்துச் சாலைகூட ஓர் ஐப்பசி மழையைத் தாங்கிவிடுகிறது. இங்கே ஒரு நாட்டின் முக்கிய வழி சில மழைக்கே எப்படி மூடிப்போகிறது, வரைபடத்தில் ‘திறந்திருக்கிறது’ என்ற சொல்லை எப்படிப் படிக்க வேண்டும், காலம் தவறினால் வேறு என்ன வழி உண்டு என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கரிசல்காட்டுப் பொறியாளர், மார்ச் 6

நண்பருக்கு வணக்கம். நான் விளாத்திகுளம் பக்கத்தில் பிறந்தவன். கிழக்கு ஆப்பிரிக்காவில் சாலை ஒப்பந்தப் பணிகளில் சில ஆண்டுகள் இருந்தேன். உங்கள் கேள்வியில் மண்ணைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

போர் நகரத்தைத் தாண்டிக் கிழக்கே போகும்போது உங்கள் காலடியில் இருப்பது நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதியின் கரிசலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அப்போது அதன் மேல் முப்பது டன் லாரிகூடத் தடதடவென்று போய்விடும். முதல் மழையை அந்த வெடிப்புகள் உறிஞ்சிக் குடிக்கும். அதற்குப் பிறகு களிமண் உப்பி, வெடிப்பு மூடி, மேற்பரப்பு வழுக்கலாகி, தண்ணீர் கீழேயும் இறங்காமல் பக்கத்திலும் ஓடாமல் நின்றுவிடும். சாலைப் பொறியாளர்கள் நல்ல ஜல்லியை நூறு விழுக்காடாக வைத்து மண்ணின் தாங்குதிறனை அளக்கப் பயன்படுத்தும் சி.பி.ஆர். சோதனையில், ஊறிய கரிசல் பெரும்பாலும் 2 முதல் 4 விழுக்காட்டுக்குள்தான் நிற்கும். சாலைக்கு அடித்தளம் என்று அதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கும்.

நம் ஊர்ச் சாலை தாங்குகிறதே என்று கேட்டீர்கள். நம் ஊரில் கரிசலுக்குச் சில காத தூரத்திலேயே பாறை கிடைக்கிறது, குவாரி இருக்கிறது, ஜல்லி வருகிறது. நிலத்துக்குச் சாய்வு இருப்பதால் தண்ணீர் ஓடையில் இறங்கி, கண்மாயில் நிரம்பி, மிச்சம் வைப்பாற்றுக்குப் போகிறது. மழையும் சில வாரங்களில் முடிந்து வெயில் அடித்துவிடுகிறது. தென் சூடானின் வெள்ளச் சமவெளியில் இந்த மூன்றுமே இல்லை. கல்லைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். நிலத்தின் சாய்வு பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சாண் கூட இராது. மழையோ ஏப்ரல் கடைசியில் அல்லது மே மாதத்தில் தொடங்கி அக்டோபர், நவம்பர் வரை நீள்கிறது.

அதோடு, சாலையை மூழ்கடிக்கும் தண்ணீர் அந்த ஊரில் பெய்த மழையாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விக்டோரியா ஏரி 2020ஆம் ஆண்டில் வரலாறு காணாத உயரத்துக்கு நிரம்பியது. அந்தத் தண்ணீர் வெள்ளை நைல் வழியாக மெல்ல இறங்கி, ஸத் என்னும் பெருஞ்சதுப்பு நிலத்தில் பரவி, வானம் வெளுத்த மாதங்களிலும் வடியாமல் நின்றது. ஸத் என்ற அரபுச் சொல்லுக்கே தடை என்றுதான் பொருள். யூனிட்டி மாநிலத்தின் பெந்தியூ நகரம் அடுத்த ஆண்டுகளில் சுற்றிலும் நீர் சூழ்ந்த தீவாகி, இடம்பெயர்ந்தோர் முகாமையும் விமான ஓடுதளத்தையும் மண் கரை எழுப்பிக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. உங்கள் பீபோருக்குத் தண்ணீர் வேறு பக்கத்திலிருந்து, தென்கிழக்கு மேட்டு நிலங்களிலிருந்து வருகிறது; அதைக் கொண்டுவரும் பீபோர் ஆறு வடக்கே போய்ப் பாரோ ஆற்றுடன் கூடிச் சோபாத் ஆறாகிறது. ஆகவே ஜூபாவில் மழைமானியைப் பார்த்துப் பீபோர்ச் சாலையைக் கணிக்க முடியாது.

ஒரேயடியாகத் தார்ச்சாலை போட்டுவிட்டால் என்ன என்று உங்கள் தலைமையகம் அடுத்துக் கேட்கும். ஜூபாவிலிருந்து நிமூலே வரை 192 கிலோமீட்டர் தார்ச்சாலை அமெரிக்க நிதியில் போடப்பட்டு 2012இல் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 22.5 கோடி டாலர், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 11.7 லட்சம் டாலர். அந்த வழியில் மேட்டு நிலமும் கல்லும் உண்டு. கல்லே இல்லாத களிமண் சமவெளியில் அதே தரத்தில் போட வேண்டுமானால் மண்ணை வெட்டி எடுத்து மாற்ற வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து கட்டிப்படுத்த வேண்டும். வெள்ளத்துக்கு மேல் கரை எழுப்பி, நூறு இருநூறு மீட்டருக்கு ஒன்றாகக் குழாய்ப்பாலம் வைக்க வேண்டும். குழாய்ப்பாலத்தில் கஞ்சம் பிடித்தால் அந்தக் கரையே அணையாகி, ஒரு பக்கத்து ஊர்களை மூழ்கடிக்கும். மக்கள் சாலையை வெட்டித் தண்ணீரை விடுவார்கள், அவர்கள் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. வெள்ள நாளில் சுற்று வட்டாரத்தில் மேடு என்று இருப்பது சாலைக் கரை ஒன்றுதான் என்பதால் குடும்பங்கள் மாடுகளோடு அதன் மேல் குடியேறிவிடுவதும் வழக்கம். அப்போது லாரி எந்த வழியில் போகும்?


களஞ்சியக்காரர், மார்ச் 7

அன்பின் நண்பருக்கு, நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். முதலில் வன்னியிலும் பின்னர் தென் சூடானிலும் நிவாரணக் களஞ்சியங்களைப் பார்த்துக்கொண்டவன். பொறியாளர் ஐயா மண்ணைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீதி மூடப்படுவதற்கு மண் ஒரு காரணம் மட்டுமே. 2006 ஓகஸ்ட் மாதத்தில், யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 வீதி யுத்தத்தால் முகமாலையில் மூடப்பட்டபோது அந்த வீதியில் சேறும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குரிய அரிசியும் மாவும் கப்பலில்தான் வந்தன. அந்தக் காலத்தில் படித்த பாடம் எனக்குத் தென் சூடானில் மிகவும் உதவியது.

வரைபடத்தில் ‘திறந்திருக்கிறது’ என்று கண்டால், எந்த வாகனத்துக்கு, எவ்வளவு பாரத்தோடு, எந்தத் திகதியில் கிடைத்த தகவலின்படி, யாருடைய அனுமதியோடு என்ற கேள்விகளை நீங்களே சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வரைபடத்தைத் தயாரிப்பவர்கள் நேர்மையாகவும் கவனமாகவும் வேலை செய்கிறவர்கள். சாரதிகளும் அமைப்புகளும் ஐ.நா. அமைதிப்படையின் ரோந்து அணிகளும் தரும் செய்திகளை ஒன்றுசேர்த்து வெளியிடுகிறார்கள். எனினும் செய்தி வந்து சேர்வதற்கும் வரைபடம் உங்கள் மேசைக்கு வருவதற்கும் இடையில் ஒரு மழை பெய்துவிடலாம். இருநூறு கிலோமீற்றர் வீதியை ஒரே நிறக் கோடாக வரையும்போது, அதில் மிக மோசமான இரண்டு கிலோமீற்றர்தான் முழு வீதியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்பதும் கோட்டில் தெரியாது. ‘லான்ட் குரூஸரில்’ போய்வந்த ஒருவர் வீதி நல்லது என்று எழுதியிருப்பார். பதினைந்து தொன் லொறிக்கு அதே வீதி புதைகுழி. மழைக்காலத்தில் நாட்டு வீதிகளில் ஏறத்தாழ 60 வீதம் பயன்படாமல் போய்விடுகின்றன என்று உலக உணவுத் திட்டம் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. நான் கண்ட வரையில் அந்தக் கணக்கில் மிகையில்லை.

இரட்டை வாடகைக்கான விடையை உங்கள் தலைமையகத்துக்கு ஒரு வரியில் எழுதலாம். நீங்கள் லொறி பீபோருக்குப் போய்ச் சேரும் நாளைக் கணக்கிடுகிறீர்கள்; உரிமையாளரோ அது திரும்பி வரும் நாளைக் கணக்கிடுகிறார். ஏப்ரல் மூன்றாம் கிழமையில் ஜூபாவுக்கு வரும் சரக்கை இறக்கி, சரிபார்த்து, சிறிய லொறிகளுக்கு மாற்றி, அனுமதிக் கடிதங்கள் பெற்றுப் புறப்படுவதற்குள் மே மாதம் பிறந்துவிடும். போகும்போது வீதி இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், பொருள் இறக்கித் திரும்பும்போது முதல் மழை பெய்துவிட்டால் அந்த வாகனம் நவம்பர் வரை பீபோரில் நிற்க வேண்டியதுதான். ஆறு மாத உழைப்பை இழக்கத் துணிகிறவர் இரண்டு மடங்கு கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஒரு லொறி அச்சு வரை புதைந்தால் அதற்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் வீதி மூடிவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி அனுமதி. வழியில் உள்ள சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் வேறொரு தாள், வேறொரு முத்திரை, பல இடங்களில் வேறொரு கட்டணம். ஜூபாவில் கையொப்பமிட்ட கடிதம் போர் நகரத்துக்கு அப்பால் செல்லாது என்று சொல்கிறவரைக் காண்பீர்கள். அவரிடம் துப்பாக்கி இருக்கும். அவரோடு வாதிடும் வேலையைச் சாரதியின் தலையில் கட்டாதீர்கள். சாரதிகள் பெரும்பாலும் அயல் நாட்டவர்கள். 2021 ஏப்ரலில், தம்மவர் சிலர் வழியில் கொல்லப்பட்டதை அடுத்து, கென்ய, உகண்டச் சாரதிகள் எல்லையிலேயே லொறிகளை நிறுத்திவிட்டார்கள். நாட்டில் அன்றிருந்த ஒரேயொரு நல்ல தார் வீதியான நிமூலே வீதி மழையின்றி, வெள்ளமின்றி வெறிச்சோடியது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய பயனுள்ள செய்தி இதுதான்: ஏப்ரலில் வரும் சரக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜூபாவில் பெரிய அமைப்புகளின் களஞ்சியங்களில் இதே நிலக்கடலைப் பசையும் இதே சோப்பும் இன்றே இருக்கின்றன. எழுத்து மூலமாகக் கடன் கேளுங்கள். இப்போது எடுத்து அனுப்பிவிட்டு, உங்கள் சரக்கு வந்ததும் அதே அளவைத் திருப்பிக் கொடுங்கள். இது புதிய தந்திரமல்ல, துறையில் எல்லோரும் செய்வது. தயாரிப்புத் திகதியும் காலாவதித் திகதியும் ஒத்துப்போக வேண்டும் என்ற ஒன்றில் மட்டும் கடன் கொடுப்பவர் கறாராக இருப்பார்.


தூத்துக்குடிக்காரன், மார்ச் 7

இருவருக்கும் மிக்க நன்றி. திரும்பி வரும் லாரியைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. துறைமுகத்தில் இருந்தவனுக்கு வெறும் வண்டி திரும்புவது இன்னொருவர் கவலை. கடன் பற்றிய யோசனையை இன்றே எடுத்துச் செல்கிறேன். ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. தலைமையகத்தில் ஒருவர், பெரிய பலூன் சக்கரம் வைத்த ஷெர்ப் என்னும் நீர்நில வண்டியின் காணொளியை அனுப்பி, சேறு எதையும் தாண்டும் இதையே வாடகைக்கு எடுத்தால் என்ன என்று கேட்கிறார். விமானத்திலிருந்து போடும் வழியைப் பற்றியும் கேட்கிறார்.


களஞ்சியக்காரர், மார்ச் 8

ஷெர்ப் நல்ல வாகனம். உலக உணவுத் திட்டம் தென் சூடானில் அதைப் பயன்படுத்துகிறது. நீரில் மிதக்கும், சேற்றில் ஊரும், நாணற் புதரையும் கடக்கும். ஆனால் அது ஏற்றுவது ஏறத்தாழ ஒரு தொன். உங்கள் 180 தொன்னுக்கு 180 நடை என்று கணக்கிட்டு, ஒவ்வொரு நடைக்கும் எரிபொருளையும் அதே வண்டியிலோ இழுவைப் பெட்டியிலோ கொண்டுபோக வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லொறி போகமுடியாத கடைசி இருபது கிலோமீற்றருக்கு அது பொருத்தமானது. போர் நகரத்திலிருந்து பீபோருக்கு அல்ல.

எம்.ஐ.-8 ஹெலிகொப்டர் ஏறத்தாழ மூன்று தொன் ஏற்றும் என்று வைத்தால் அறுபது நடை. இல்யூஷின்-76 விமானம் ஒரு தடவையில் முப்பது தொன்னுக்குக் குறையாமல் கொட்டும். சோளமும் பயறும் பல அடுக்குச் சாக்கில் கட்டப்பட்டு, பரசூட் இல்லாமலே தரைக்கு விழும். எண்ணெய்க்கு மட்டும் பொதி முறையை வேறாக வடிவமைக்க வேண்டியிருந்தது. உங்களிடம் இருப்பதோ வாளி, மாத்திரை. அவற்றை முந்நூறு மீற்றர் உயரத்திலிருந்து போட்டால் கீழே பொறுக்குவதற்கு என்ன மிஞ்சும்? விமானத்திலிருந்து போடுவது தரைவழியைப் போல ஆறேழு மடங்கு செலவு பிடிக்கும் என்பதும், போடுமிடத்தில் ஆட்களையும் மாடுகளையும் விலக்கி நிறுத்த முன்கூட்டியே ஒரு குழு போய் இறங்க வேண்டும் என்பதும், அப்பகுதியில் ஆயுதம் வைத்திருக்கும் எல்லாத் தரப்பினரிடமும் வாக்குறுதி பெற வேண்டும் என்பதும் வேறு.

நைல் ஆற்றில் படகுத் தொடர் இழுப்பது மிக மலிவு. போர் நகரத்திலிருந்து வடக்கே மலக்கால் நகரம் வரை ஒரே தொடரில் நூற்றுக்கணக்கான தொன் போகிறது. பீபோர் அந்த வழியில் இல்லாதது உங்கள் துரதிர்ஷ்டம்.


சத்துணவுச் செவிலி, மார்ச் 9

வணக்கம். நான் இதே பீபோர்ப் பகுதியில், பொருள் வந்து சேரும் முனையில், இரண்டு மழைக்காலங்கள் பணி செய்தவள். மூவரும் 180 டன்னை ஒரே மூட்டையாகவே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அப்படி இல்லை.

நிலக்கடலைப் பசை 92 கிராம் பாக்கெட்டுகளாக, பெட்டிக்கு 150 வீதம் வருகிறது. ஒரு பெட்டி ஏறக்குறைய ஒரு குழந்தையின் முழுச் சிகிச்சைக்கு ஆகும். எடை அட்டைப்பெட்டியோடு சேர்த்துப் பதினைந்து கிலோவுக்குள் இருக்கும். அப்படியானால் களஞ்சியக்காரர் ஐயா சொன்ன மூன்று டன் ஹெலிகாப்டர் ஒரு நடையில் சுமார் இருநூறு குழந்தைகளுக்கானதைக் கொண்டுவரும். ஒரு டன் ஷெர்ப்கூட அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போதுமானதைக் கொண்டுவரும். அதே ஹெலிகாப்டரில் வாளிகளை ஏற்றினால் இடம் நிறைந்துவிடும், எடை ஏறவே ஏறாது. ஆகவே, சகோதரர் முதலில் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சாலை தவறினாலும் வானில் கொண்டுவரக் கட்டுப்படியாகும் பொருள் ஒரு பக்கம். சாலையை விட்டால் வரவே வராத சோப்பு, தார்ப்பாய், வாளி மறு பக்கம். உலர்காலத்தின் கடைசி லாரிகளில் இடம் முதலில் இரண்டாவது வகைக்குத்தான். இதைச் சொன்னால் கூட்டங்களில் எல்லோரும் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள், சிகிச்சை உணவைப் பின்னுக்குத் தள்ளுகிறாளே என்று. நான் பின்னுக்குத் தள்ளவில்லை; ஜூபாவில் அதற்கு ஹெலிகாப்டர் இடத்தை இப்போதே எழுதிக் கேட்டு வையுங்கள் என்கிறேன். ஜூலையில் எல்லா அமைப்புகளும் அந்த ஒரே ஹெலிகாப்டரின் வாலைப் பிடிப்பார்கள்.

களஞ்சியக்காரர் ஐயாவுக்கு ஒரு சிறு மறுப்பும் உண்டு. உலர்காலத்திலேயே முழுவதையும் கொண்டுபோய்ப் பீபோரில் அடுக்கிவிடுவது சாலைக்கு நல்லது, பாதுகாப்புக்கு நல்லதல்ல. 2016 ஜூலையில் தலைநகர் ஜூபாவிலேயே உலக உணவுத் திட்டத்தின் முக்கியக் கிடங்கு சூறையாடப்பட்டு 4,500 டன்னுக்கு மேற்பட்ட உணவு போயிற்று. பீபோரில் ஒரு கூடாரக் கிடங்குக்கு இரண்டு காவலர்கள் எந்த மூலைக்கு? நாங்கள் ஒரே கிடங்கில் வைப்பதை நிறுத்திவிட்டு, சிகிச்சை மையங்களுக்கு ஆறு வாரத் தேவையை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தோம். எலித் தொல்லை கூடியது, கணக்கெழுதும் வேலை இரட்டிப்பானது, ஆனால் ஒரு மையம் பறிபோன வாரத்தில் மற்ற மையங்கள் இயங்கின.

சாலை பீபோரோடு முடிந்துவிடுவதாகவும் எண்ண வேண்டாம். ஊருக்கு வந்த பெட்டி அங்கிருந்து மூன்று மணி நேர நடைத் தொலைவில் இருக்கும் தாயை அடைய வேண்டும். வழியில் இடுப்பளவுத் தண்ணீர் இருந்தால், கைக்குழந்தையை வைத்திருப்பவள் வாரந்தோறும் வரமாட்டாள். மழைக்காலத்தில் நாங்கள் வாரத்துக்கு ஒருமுறை கொடுத்ததை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினோம். அதனால் மாதத் தேவை மாறவில்லை, ஆனால் மையத்தில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டிய அளவு கூடியது. உங்கள் 180 டன் கணக்கைப் போட்டவர் இதைச் சேர்த்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.


களஞ்சியக்காரர், மார்ச் 9

சகோதரி சொல்வது சரி. ஒரே களஞ்சியம் என்ற எண்ணத்தோடு நான் எழுதியது தவறு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிரித்து வைக்கும் இடங்களில் மரப் பலகைத் தட்டுகளை லொறியிலேயே அனுப்புங்கள். அங்கு போய் மரம் தேடினால் கிடைக்காது. களிமண் தரையில் நேரடியாக அடுக்கிய கீழ் வரிசைப் பெட்டிகள் முதல் மாதத்திலேயே ஊறிப்போகும்.


தூத்துக்குடிக்காரன், மே 14

இங்கே உதவியவர்களுக்கு நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெரிய அமைப்பு ஒன்று 70 டன் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. கையெழுத்தாவதற்கே பதினாறு நாட்கள் பிடித்தன. செவிலி அம்மா சொன்னபடி பட்டியலைப் பிரித்து, சோப்பு, வாளி, தார்ப்பாய் ஆகியவற்றோடு பசையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஏற்றி, ஏழு லாரிகளை இரண்டு தொகுதிகளாக அனுப்பினேன். முதல் நான்கும் ஏப்ரல் 4ஆம் தேதி பீபோரில் இறக்கிவிட்டு 11ஆம் தேதி ஜூபாவுக்குத் திரும்பிவிட்டன. இரண்டாவது தொகுதி ஒரு சோதனைச் சாவடியில் நான்கு நாட்கள் நின்றது. இறக்கித் திரும்பும்போது 24ஆம் தேதி இரவு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வண்டிகள் விடிவதற்குள் வெளியேறிவிட்டன, மூன்றாவது குமுருக்குக்கு இப்பால் பின் அச்சு வரை இறங்கிவிட்டது. வரைபடத்தில் அந்தச் சாலை அடுத்த வெளியீடு வரை பச்சையாகவே இருந்தது.

எங்கள் சொந்தச் சரக்கு மொம்பாசாவில் தாமதமாகி மே 2ஆம் தேதிதான் ஜூபா வந்தது. அதிலிருந்து 70 டன்னைக் கடன் கொடுத்தவர்களுக்குத் திருப்பிவிட்டோம். மிச்சப் பசைக்கு ஜூன் மாதத்தில் இரண்டு ஹெலிகாப்டர் நடைகள் உறுதியாகியிருக்கின்றன. எஞ்சிய வாளிகள் நவம்பர் வரை ஜூபாக் கிடங்கில்தான் இருக்கும்.

மாட்டிக்கொண்ட லாரியின் கிளீனர், டயரையும் டீசல் தொட்டியையும் யாரும் கழற்றாமல் இருக்க, அங்கேயே வண்டிக்கடியில் தார்ப்பாய் கட்டித் தங்கியிருக்கிறார். உரிமையாளருக்குக் காத்திருப்புக் கட்டணம் ஒப்பந்தப்படி போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கிளீனருக்குச் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நாங்கள் அனுப்பும் தொகையை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று தலைமையகத்தின் கணக்குப் பிரிவு நேற்று மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறது. இதற்கு முன் இப்படி எழுதியவர்கள் யாராவது இருந்தால், எந்தத் தலைப்பில் எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.